ஏஜென்ட்டுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை: டிமக்ஸ் வழியே ஜிடிபி

டிமக்ஸ் (டெர்மினலைப் பின்னணியில் உயிரோடு வைத்திருக்கும் கருவி) செஷனுக்குள் ஜிடிபியை (புரோகிராமில் பிழை தேடும் டீபகர்) ஓடவிட்டு, கீபோர்டை ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்து வேலை வாங்க ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிமக்ஸின் சென்ட்-கீஸ் கட்டளையில் தட்டச்சு, கேப்சர்-பேன் கட்டளையில் திரையைப் படிப்பது என்ற ஏற்பாடு பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இன்னும் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. புரோகிராம் பேசி முடித்துவிட்டதா, இன்னும் பேசுகிறதா, நம் பதிலுக்காக நிற்கிறதா என்பது ஏஜென்ட்டுக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

காரணம் இருக்கிறது. சாதாரணக் கட்டளை என்றால் புரோசஸ் முடிந்ததும் எக்ஸிட் கோடு வரும். ஜிடிபி, பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசும் ஷெல்), பைத்தான் ஷெல் எல்லாம் முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ரகம். கேப்சர்-பேன் தருவதோ அந்த நொடியில் திரையில் இருக்கும் எழுத்துகள் மட்டும். அதனால் ஏஜென்ட் ஸ்லீப் போட்டுக் குத்துமதிப்பாகக் காத்திருக்கிறது. பெரிய பைனரியின் சிம்பல்கள் (ஃபங்ஷன், வேரியபிள் பெயர்கள்) ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தக் குத்துமதிப்பு பலிப்பதில்லை.

போன வாரம் ஒரு சி++ சர்வீஸ் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் வரும் பிழை) விழுந்தது. கோர் ஃபைலை, அதாவது விழுந்த நொடியின் மெமரிப் பதிவைத் திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்; அதில் ஒவ்வொரு படியும் ஒரு ஃபிரேம்) எடுக்கச் சொன்னேன். யாரும் அட்டாச் ஆகாத டிமக்ஸ் செஷன் இயல்பாக 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். நீள நீளமான டெம்ப்ளேட் பெயர்களில் திரை நிரம்பியதும், மேலும் பார்க்க ரிட்டர்ன் தட்டு என்று கேட்டு ஜிடிபி பாதியில் நின்றது. ஏஜென்ட் அதைப் பார்க்காமல் 'ஃபிரேம் 7' என்று அடித்து என்டர் போட்டது. அந்த இடத்தில் ஜிடிபிக்கு அது வெறும் என்டர்தான். மீதிப் பட்டியலைக் கொட்டிவிட்டு ப்ராம்ப்ட்டுக்கு வந்து நின்றது. ஏழாவது ஃபிரேமுக்குப் போகவே இல்லை. அடுத்து ஏஜென்ட் ஒரு வேரியபிளை பிரின்ட் செய்தது. 0-வது ஃபிரேமிலும் அதே பெயரில் ஒன்று இருந்தது. அந்த மதிப்பைப் பிடித்துக்கொண்டு, பாயின்டர் எங்கே நல் ஆனது என்று பத்தி பத்தியாக விளக்கம். படிக்கத் தெளிவாக இருந்தது, அத்தனையும் தப்பு. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். எரர் வந்து நின்றிருந்தால் யாரும் ஏமாற மாட்டோம்.

வழி இல்லாமல் இல்லை. செஷன் தொடங்கும்போதே அகலம், உயரத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். ஜிடிபியில் பேஜினேஷன் (திரை நிரம்பினால் நிற்பது), கன்ஃபர்ம் (உறுதியா என்று கேட்பது) இரண்டையும் ஆஃப் செய்யலாம். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் எக்கோ கட்டளையில் ஒரு அடையாளச் சொல்லை அச்சிட வைத்து, அது வந்தால்தான் அடுத்தது என்று கட்டுப்படுத்தலாம். அதிலும் ஒரு பொறி உண்டு: தட்டிய கட்டளையும் திரையில் தெரியுமே! ஏஜென்ட் தான் அடித்ததையே பதில் என்று எடுத்துக்கொள்ளும். வரியின் தொடக்கத்தில் வரும் அடையாளத்தை மட்டும் ஏற்கச் சொன்ன பிறகுதான் அது நின்றது. நாம் டீபக் செய்யும் புரோகிராமே இன்புட் கேட்கும் ரகம் என்றால் இதுவும் உதவாது. ஜிடிபிக்கு அனுப்பியதை அது விழுங்கிவிடும். அதற்குத் தனி டெர்மினல் ஒதுக்கி, இன்ஃபீரியர்-டிடிஒய் அமைப்பில் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் புதுப் பிரச்சினையும் இல்லை. இப்படிக் கேள்வி கேட்கும் புரோகிராம்களோடு பேசவென்றே டான் லிப்ஸ் எழுதிய எக்ஸ்பெக்ட் என்ற கருவி 1990-லேயே வந்துவிட்டது. இந்த வரி வரும்வரை காத்திரு, 10 நொடியில் வராவிட்டால் டைம்அவுட் என்பதுதான் அதன் அடிப்படை. இவ்வளவு படித்த ஏஜென்ட்டுக்கு அந்த ஒழுங்கை ஒவ்வொரு செஷனிலும் நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பதை ஏற்க முடியவில்லை.

இவ்வளவு திட்டினாலும், நல்லதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அதே செஷனில் நானும் அட்டாச் ஆகிக்கொள்ளலாம் என்பது இவ்வளவு உதவும் என்று நான் நினைக்கவே இல்லை. அது தட்டுவது எழுத்து எழுத்தாக என் கண் முன்னால் ஓடுகிறது. ஓடும் புரோகிராமை டீபக் செய்யும்போது சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்லி, நானே ஒரு வாட்ச்பாயின்ட் (ஒரு மதிப்பு மாறினால் நிறுத்தும் ஏற்பாடு) போட்டு, கன்டினியூ கொடுத்துவிட்டு ஒதுங்குகிறேன். திரையைப் படித்து அங்கிருந்தே அது தொடர்கிறது. சூடோ பாஸ்வேர்டு கேட்டால் நான் தட்டுகிறேன். தட்டுவது திரையில் தெரியாததால் கேப்சரில் அது விழுவதில்லை. த்ரெட் ஒவ்வொன்றாகப் புகுந்து லாக் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கும் சலிப்பான வேலையை அது அலுக்காமல் செய்கிறது. டெட்லாக் (த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்து முடங்கி நிற்பது) தேட இதைவிட நல்ல துணை எனக்கு வாய்த்ததில்லை.

டீமில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, இதே மாதிரி பிஎஸ்க்யூஎல்லைத் திறந்து லைவ் டேட்டாபேஸ்ல விடலாமா?"

"வேணாம்ப்பா."

"நீங்கதான் ஆஹா ஓஹோன்னு சொன்னீங்க?"

சொன்னேன்தான். கோர் ஃபைல் செத்த பொருள். தப்பான ஃபிரேமைப் படித்தால் என் மதியம் போகும், அவ்வளவுதான். லைவ் டேபிளில் ஒரு டிரான்ஸாக்ஷன் திறந்து கிடக்க, பேஜரில் (நீளமான பதிலைப் பக்கம் பக்கமாகக் காட்டுவது) சிக்கிய திரையை ப்ராம்ப்ட் என்று நினைத்து இது கமிட் (மாற்றங்களை நிரந்தரமாக்கும் கட்டளை) அடித்தால்? பிஎஸ்க்யூஎல்லுக்கு ஸ்கிரிப்டை ஃபைலாகவே கொடுக்கலாம், ஆன்_எரர்_ஸ்டாப் வைத்தால் முதல் தப்பிலேயே நிற்கும், எக்ஸிட் கோடும் கிடைக்கும். கேள்வி கேட்காமல் ஓட ஒரு வழி உள்ள எந்தப் புரோகிராமுக்கும் டிமக்ஸ் தேவையே இல்லை. அவனுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கும்வரை ஏஜென்ட் அங்கே போகாது.