சதவீதமா, நேர்க் கேள்வியா?

ஆய்வேட்டில் திருட்டைப் பிடிக்க எங்களிடம் இரண்டு வழி. ஒன்று, ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீத ஒற்றுமை வரை தண்டனை இல்லை; 60 தாண்டினால் பதிவே ரத்து. மற்றது, நெறியாளர் வரிவரியாகப் படித்து, எதிரே உட்காரவைத்துக் கேட்பது.

காசிமேடு மீனவர்கள் பற்றி ஒரு மாணவர் எழுதிய அத்தியாயம் மென்பொருளில் 7 சதவீதம்தான் காட்டியது. "ஏலம் எத்தனை மணிக்குத் தொடங்கும், தம்பி?" என்றேன். தலை குனிந்துகொண்டார். யாரோ எழுதியதை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றியிருந்தார். துறைமுகம் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். ஒரு விடியற்காலைகூடப் போகவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

ஆனால் அரசியல் கட்சிக்காரர் சிபாரிசோடு போன் வரும்போது எண்தான் கைகொடுக்கும். "64 சதவீதம் சார், விதி இது" என்று சொல்லிவிடலாம். "எனக்குத் திருப்தியில்லை" என்றால் நெறியாளர் தனியாக நிற்க வேண்டும். மேலே போய் முறையிடலாம் என்றால், ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலியே 2023 ஆகஸ்டுக்குப் பிறகு நெடுநாள் காலியாகக் கிடந்தது.

அப்படியும் நான் நேர்க் கேள்வியைத்தான் நம்புகிறேன். துறையில் இன்னும் இரண்டு பேர் கூட உட்கார்ந்து, பதில்களை எழுதிக் கையெழுத்துப் போட்டால், போன் வரும் நாளில் மூன்று பேராக நிற்கலாம்.