'பிக் அப்' புரிய 2,500 ரூபாய்: கம்பத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு

குமுளியில் டாக்சி ஓட்டுகிறேன், வீடு கம்பத்தில். தேக்கடிக்கு வரும் வெள்ளைக்காரர்களோடு தடுமாறாமல் பேசினால் போதும் என்று, பக்கத்துத் தெரு மாடியில் நடக்கும் வகுப்பில் 30 நாளுக்கு 2,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதல் வாரம் வீண். ஜெராக்ஸ் தாளில் 100 ஃப்ரேசல் வெர்ப் ('பிக்'கோடு 'அப்' சேர்வது போன்ற ஜோடி வார்த்தைகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அர்த்தம். 'பிக் அப்' என்றால் தூக்கு, அவ்வளவுதான். அதை நம்பித்தான் மானம் போனது. ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த ஒரு அம்மா, வரும் வழியில் வாழைப்பழம் 'பிக் அப்' பண்ணச் சொல்ல, எங்கோ கூடை கிடக்கிறது, தூக்கி ஏற்ற வேண்டும்போல என்று நினைத்து, எந்த இடம், எத்தனை கூடை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வாங்கிட்டு வா என்பதற்கு இவ்வளவு கூத்து.

இதைக் கேட்டதும் மிஸ் தாளை மடித்து வைத்துவிட்டார். "அண்ணே, தமிழ்ல 'எடு'ன்னா என்ன?" என்றார். போனை எடு, தீபாவளிக்குத் துணி எடு, படம் எடு, பொண்ணு எடுத்த வீடு, பசி எடுக்குது, வாந்தி எடுக்குது என்று ஆளாளுக்குச் சொன்னோம். யாரும் இதை மனப்பாடம் பண்ணவில்லையே! அப்புறம் ஒன்றரை மணி நேரம் 'பிக் அப்' மட்டும்தான்: ஆளை ஏற்றிக்கொள்வது, போனை எடுப்பது, சீசனில் வியாபாரம் சூடு பிடிப்பது, சளி ஒட்டிக்கொள்வது, ஸ்டாண்டில் சேட்டன்களோடு நின்று நின்றே எனக்கு மலையாளம் வந்ததே, அது கூட 'பிக் அப்'தானாம். லோயர் கேம்ப் ஏற்றத்தில் "வண்டில பிக்கப் இல்ல" என்று தினமும் புலம்புகிறவனுக்கு இதில் பாதி முன்பே தெரிந்திருக்கிறது. புதிதாகக் கற்றது ஒன்று: 'இட்', 'ஹிம்' போன்ற குட்டி வார்த்தைகள் நடுவில்தான் உட்காரும். 'பிக் இட் அப்' சரி, 'பிக் அப் இட்' தப்பு.

அந்த ஒரு நாளுக்காகப் பணம் கொடுக்கலாம். மற்றபடி 30 பேருக்கு ஒரே மிஸ், வாய் திறக்க ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். வெளிநாட்டுக்காரர் பேசும் வேகத்தைக் காதில் போட ஒரு ஆடியோ கூடக் கிடையாது.

போன வாரம் டீக்கடையில் ஒரு கஸ்டமர் பில்லை 'பிக் அப்' பண்ணுகிறேன் என்றார். இது தாளிலும் இல்லை, மிஸ்ஸும் சொல்லவில்லை. பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்பார்போல என்று நான் பர்ஸை எடுத்தேன். அவர் காசை எடுத்தார்.