கார்பன் தாளிலிருந்து இன்வாய்ஸ்நவ் வரை: ஒரு மளிகை மொத்தக் கடையின் ஐந்தாண்டு அனுபவம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் எங்கள் குடும்பம் நடத்தும் மளிகை மொத்த வியாபாரத்தின் கணக்குப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, மேசை இழுப்பறையில் மூன்று பொருள்கள் இருந்தன: கார்பன் தாள் செருகிய பில் புத்தகம், நீல மை ஊறிப்போன கம்பெனி சாப் (முத்திரை), வரவேண்டிய செக்குகளின் தேதியை என் மாமனார் பென்சிலால் குறித்து வைத்திருந்த நாட்காட்டி. பொருள் போகும்போது டிஓவும் (டெலிவரி ஆர்டர் என்ற ஒப்படைப்புச் சீட்டு) கூடவே போகும். வாங்குபவர் அதில் தம் கடையின் சாப்பைக் குத்தித் திருப்பி அனுப்புவார். மாதக் கடைசியில் அந்த டிஓக்களை அடுக்கி வைத்து இன்வாய்ஸ் எழுதி, டெலிவரிக்குப் போகும் தம்பியிடமே கொடுத்து அனுப்பிவிடுவோம். 30 நாள் கடன் என்பதுதான் பேச்சு. ஆனால் தவணை முடிகிற அன்று தொலைபேசியில் கேட்டால், “பில் இன்னும் கைக்கு வரலையே அக்கா” என்ற ஒரே பதில் அந்த 30 நாளை 60 ஆக்கிவிடும். வந்ததா, வரவில்லையா என்று காட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இருந்ததில்லை.

2021 மார்ச் மாதம், இன்வாய்ஸைக் கணினி வழியே அனுப்பும் இன்வாய்ஸ்நவ் கட்டமைப்பில் சேர்ந்ததற்கு இந்த ஒரு பதில்தான் காரணம். வேகமோ, காகிதச் சேமிப்போ, சேர்ந்தால் கிடைக்கும் சலுகைகளோ என்னை ஈர்க்கவில்லை. ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் பயன்படுத்திய பிறகு, அந்தக் காரணத்துக்கு எவ்வளவு பலன் கிடைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2019 ஜனவரியில் நாடு தழுவிய மின்விலைப்பட்டியல் கட்டமைப்பாக இதைத் தொடங்கியது; இன்வாய்ஸ்நவ் என்ற பெயர் பின்னால் வந்தது. இதன் அடித்தளம் ஐரோப்பாவில் உருவான பெப்பால் என்ற பொதுத் தரம். அதற்கான தேசிய அமைப்பை ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் ஏற்படுத்திய நாடு சிங்கப்பூர். அது 2018இல் நடந்தது. என் அண்டைக் கடைக்காரர்கள் பலர் இன்றும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இன்வாய்ஸைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புவது மின்விலைப்பட்டியல் ஆகாது. அது காகிதத்தின் புகைப்படம். வாங்கும் கடையில் ஒருவர் அதைத் திறந்து, பார்த்து, எண்களைத் தம் கணினியில் மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டும். பெப்பால் வழியாகப் போவது எக்ஸ்எம்எல் தரவு. எங்கள் கணக்கு மென்பொருள் எழுதுவதை அவர்களுடைய மென்பொருள் நேரடியாகப் படித்துக்கொள்ளும்.

வழி எளிமையானது. நாங்கள் ஒரு சேவை வழங்குநரிடம் பதிந்திருக்கிறோம். வாடிக்கையாளர் வேறொருவரிடம் பதிந்திருக்கலாம். நிறுவனத்தின் தனி அடையாள எண்ணான யுஇஎன்னை ஒட்டியே பெப்பால் முகவரி அமைகிறது. நான் அனுப்பு என்று அழுத்தியதும் எங்கள் வழங்குநர், அந்த விலைப்பட்டியல் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று சோதித்து, அந்த முகவரி எந்த வழங்குநரிடம் இருக்கிறது என்று பொதுப் பதிவேட்டில் தேடி, அவரிடம் ஒப்படைப்பார். கைப்பேசி அழைப்பைப் போலத்தான்: நீங்கள் எந்த நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதல் ஓராண்டில் இந்த வழியால் பெரிய பயன் ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களிடம் மாதக் கணக்கு வைத்திருந்த உணவகங்கள், கேட்டரிங் நடத்துபவர்கள், மினிமார்ட்டுகள் எல்லாம் சேர்த்து அறுபதுக்கு மேல். அவர்களில் இரண்டு பேர் மட்டுமே பதிந்திருந்தார்கள். மாமனார் சிரித்தார். “டிரேட்நெட் வந்தப்போ ஒருத்தரும் யோசிக்கலையேம்மா. இதுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?” என்று கேட்டார். இறக்குமதி அனுமதிகளுக்கான டிரேட்நெட் 1989 ஜனவரியில் தொடங்கியது. துறைமுகத்துக் காகிதங்களை அந்தக் காலத்திலேயே கணினிக்கு மாற்றிய நாட்டில், சந்து முனைக் கடையின் பில் மாறுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அவர் கேள்வி என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. சுங்கத்துறை ஒரு பக்கம் நின்று ‘இப்படித்தான் கொடுக்க வேண்டும்’ என்று சொன்னால் எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டும். கடைக்கும் கடைக்கும் நடுவில் அப்படி ஓர் அதிகாரி இல்லை. அவர் சேரட்டும், பிறகு நான் சேர்கிறேன் என்று இரண்டு பேரும் காத்திருப்பார்கள். நாங்கள் செய்தது ஒன்றுதான்: எங்களிடம் அதிகம் வாங்கும் எட்டுப் பேரின் கடைக்கு நேரில் போய், அவர்களுடைய கணக்கு மென்பொருளிலேயே இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது என்பதைக் காட்டினோம். ஆறு பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

“பில் வரவில்லை” என்ற பதில் அவர்களோடு முடிந்தது. பட்டியல் எந்த நாளில், எத்தனை மணிக்கு எதிர் முனையில் ஒப்படைக்கப்பட்டது என்று என் திரையில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய தேவைகூட இப்போது எழுவதில்லை. ஆனால் இங்கே நான் ஒரு பாடம் கற்றேன். ஒப்படைக்கப்பட்டது என்றால் அவருடைய கணினியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். அவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள் இல்லை. 25 கிலோ பொன்னி அரிசி 20 மூட்டை அனுப்புகிறோம். ஒரு மூட்டையின் தையல் பிரிந்து அரிசி சிந்தியிருக்கிறது. கடைக்காரர் டிஓவில் ‘1 ரிட்டர்ன்’ என்று கிறுக்கி அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். முன்பெல்லாம் பில் எழுதும்போது 19 என்று போட்டால் போதும், எழுதிவிட்டிருந்தால் தாளைக் கிழித்து வேறு எழுதலாம். இப்போது போன பட்டியலைத் திருத்த முடியாது. அந்த மூட்டையின் தொகையைக் கழிக்கும் வரவுக் குறிப்பை (கிரெடிட் நோட்) தனியாக அனுப்ப வேண்டும், அதில் மூலப் பட்டியலின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். முதல் ஆறு மாதம் இது தொல்லையாகவே தெரிந்தது. பிறகு கிழிந்த மூட்டைகளின் வரவுக் குறிப்புகளை ஒருநாள் சேர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒரே ஆலையின் சாக்குகள் என்று தெரிந்தது. பில் புத்தகக் காலத்தில் அந்த இழப்பு கிழித்த தாளோடு குப்பைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இயந்திரம் கறாரானது என்பதை ஒரு காசு எனக்குக் கற்றுத் தந்தது. எங்கள் பழைய மென்பொருள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஜிஎஸ்டி கணக்கிட்டு, முழுமையாக்கி, பின்பு கூட்டியது. பெப்பால் விதியோ மொத்தத் தொகையின் மீது வரியைக் கணக்கிட்டு ஒப்பிட்டது. முப்பது பொருள்கள் கொண்ட பட்டியலில் ஒரு காசு வேறுபாடு வர, பட்டியல் வாசலைத் தாண்டவே இல்லை. காகிதத்தில் எந்தக் கணக்காளரும் கண்டுகொள்ளாத ஒரு காசு. ஜிஎஸ்டி 2023 தொடக்கத்தில் 7இலிருந்து 8 விழுக்காட்டுக்கும், 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காட்டுக்கும் உயர்ந்தபோது இதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. டிசம்பர் கடைசி வாரம் கொண்டுபோய்ச் சேர்த்த பொருளுக்கு ஜனவரியில் பட்டியல் போட்டால் பழைய விகிதத்தையே தேர்ந்தெடுக்க விதியில் இடம் உண்டு. மென்பொருளோ பட்டியலின் தேதியைப் பார்த்து 9 என்று தானே போட்டுக்கொண்டது. அந்த வாரம் மட்டும் ஒவ்வொன்றையும் கையால் மாற்றினேன். இருந்தாலும் காலாண்டுக் கணக்கைச் சமர்ப்பிக்க முன்பு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இப்போது ஒரு மாலைப்பொழுது போதும்.

மோசமான அனுபவம் ஒன்று உண்டு. முதல் வழங்குநரின் உதவிப் பிரிவு எப்போது கேட்டாலும் பதில் தரத் தாமதித்ததால், வேறொரு வழங்குநருக்கு மாறினோம். ஒரு பெப்பால் முகவரி பட்டியல்களைப் பெறுவதற்கு ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் பதிந்திருக்க முடியும். பழையவர் பதிவை நீக்கினால்தான் புதியவர் பதிய முடியும். பழைய வழங்குநர் எங்கள் சந்தாவை நிறுத்தினார், பதிவை நீக்கவில்லை. பதினொரு நாள்கள், எங்களுக்கு வர வேண்டிய பட்டியல்கள் நாங்கள் இனித் திறக்க முடியாத ஒரு பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. எங்களுக்கு மசாலாப் பொருள் தருபவர் அழைத்து, தவணை கடந்துவிட்டதே என்று கேட்டபோது, “பில் வரலையே அண்ணே” என்று நான் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய திரையில் ஒப்படைக்கப்பட்டது என்றுதான் இருந்திருக்கும். வழங்குநரை மாற்ற நினைப்பவர்கள் பதிவு நீக்கப்பட்டதை எழுத்தில் உறுதி செய்துகொண்டு, பொதுப் பதிவேட்டில் தாங்களே தேடிப் பார்த்த பின்னரே பழைய சந்தாவை விட வேண்டும்.

பணம் வரும் பக்கம், வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்ற வசதியான பேநவ் அதிகம் உதவியிருக்கிறது. நிறுவனங்கள் யுஇஎன் எண்ணைக் கொண்டே பணம் பெறும் வசதி 2018 ஆகஸ்டில் வந்தது. எண்ணைத் தட்டச்சு செய்தால் பணம் அனுப்பும் முன்பே எங்கள் நிறுவனத்தின் பெயர் திரையில் தெரியும் என்பது சாதாரண வசதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெயரில் போலி மின்னஞ்சல் ஒன்று, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொல்லி, ஒரு கேட்டரிங் வாடிக்கையாளருக்குப் போயிருந்தது. உள்ளே எங்கள் பழைய பிடிஎஃப்பைப் போலவே அச்சு அசலாக ஒரு பட்டியல். அவர் சந்தேகப்பட்டு அழைத்ததால் தப்பித்தோம். குறை ஒன்று: யுஇஎன்னைக் கையால் தட்டச்சு செய்பவர்கள் குறிப்பு எண்ணை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், 486 வெள்ளி 20 காசு எந்தப் பட்டியலுக்கு வந்தது என்று நான் தேட வேண்டியிருக்கிறது. தொகையும் பட்டியல் எண்ணும் உள்ளடங்கிய கியூஆர் குறியீட்டை அச்சிட்டுத் தருவதால் பாதித் தேடல் குறைந்தது. செக்குகளோ, 2023 நவம்பரிலிருந்து பெரிய வங்கிகள் கட்டணம் வாங்கத் தொடங்கிய பிறகு தாமாகவே குறைந்துவிட்டன.

ஜிஎஸ்டிக்குத் தாமாக முன்வந்து பதிபவர்களுக்கு இப்போது இது விருப்பத் தேர்வு அல்ல: 2025 நவம்பரிலிருந்து புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கும், 2026 ஏப்ரலிலிருந்து அவ்வாறு புதிதாகப் பதியும் அனைவருக்கும், பட்டியல் தரவை இந்தக் கட்டமைப்பின் வழியாக உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும் விதி வகுக்கப்பட்டது. ஆகவே நாங்கள் ஓராண்டு பட்ட காத்திருப்பு இனிச் சேர்பவர்களுக்கு அந்த அளவுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். மாதத்துக்குப் பத்துப் பட்டியல் போடும் கடைக்கு இதனால் கிடைப்பது குறைவு. எங்களைப் போல நூற்றுக்கணக்கில் போடுபவர்கள் சேருவதற்கு முன் பொருள் பெயர்ப் பட்டியலை ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது, ‘து.பருப்பு’, ‘துவரை’, ‘துவரம் 5கி’ என்று ஒரே பொருளுக்கு எங்களிடம் மூன்று பெயர்கள் இருந்தன, அதைச் சரிசெய்யவே இரண்டு வார இறுதிகள் போயின.

மாதக் கணக்கு வாடிக்கையாளர்களில் இன்று காகிதத்தில் மீதம் இருப்பவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர், முப்பது ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் பலகாரக் கடைக்காரர், தீபாவளி நெரிசல் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மூன்று தீபாவளிகளாகச் சொல்லி வருகிறார். அவர் ஒருநாளும் தவணை தவறியதில்லை. அவருடைய பில்லை மாமனார்தான் இன்றும் கார்பன் தாள் வைத்து எழுதி, சாப் குத்தி, மாலை நடைக்குப் போகும்போது நேரில் கொடுத்து வருகிறார்.