இதில் மெயின் யாரு? ஒரு பழைய செல்லோ – பியானோ இசைத்தட்டு

ஜெர்மன் இசைமேதை பீத்தோவன் செல்லோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய ஐந்து சொனாட்டாக்களும் இந்தச் செட்டில் இருக்கின்றன. செல்லோ என்றால் கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி; சொனாட்டா என்றால் சில பகுதிகளாகப் போகிற, பாட்டில்லாத வாத்திய இசை. வாசிப்பவர்கள் இரண்டு சோவியத் கலைஞர்கள்: செல்லோ ரோஸ்ட்ரோபோவிச், பியானோ ரிக்டர். 1961க்கும் 1963க்கும் இடையில் பதிவானது, பிலிப்ஸ் வெளியீடு, இரண்டு தட்டு. மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய மிக்சி மோட்டார்களுக்கு நடுவில் கிடந்தது. "இதுல பாட்டுக் கெடையாதுண்ணே, வெறும் மியூசிக்கு. போகாமக் கெடக்கு, எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். 700 சொன்னார், 450க்கு முடிந்தது.

நான் மைக் செட் வைத்துப் பிழைத்தவன். ராகம் பிரித்து எழுத எனக்கு வராது. ஆனால் எந்த வாத்தியம் தூக்கலாகக் கேட்கிறது, எதை அமுக்கியிருக்கிறார்கள் என்பது சட்டென்று காதில் விழுந்துவிடும். கச்சேரி மேடையில் பாடுகிறவர் விரலைத் தூக்கிக் காட்டுவார், அவர் மைக்கை ஏற்றுவோம். உடனே மிருதங்கக்காரர் நம்மைப் பார்த்து முறைப்பார். இந்தத் தட்டில் அந்தப் பஞ்சாயத்தே இல்லை. செல்லோ கேட்க வேண்டுமே என்று பியானோவைப் பின்னால் தள்ளவில்லை. ரிக்டரின் இடது கை கனமாக இறங்குகிற இடத்திலும் செல்லோவின் வில் தந்தியைக் கடிக்கிற சத்தம் தனியாகக் கேட்கிறது. இந்தச் செட்டை வாங்கச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணம் இதுதான்.

பீத்தோவன் எழுதியதே அப்படித்தான். 1796இல் பெர்லினுக்குப் போனபோது முதல் இரண்டு சொனாட்டாக்களை எழுதினார். அங்கே ஆண்ட பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியம் செல்லோ வாசிப்பவர். மன்னர் வாசிக்கிற வாத்தியம் என்று பார்த்துப் பியானோவை அடக்கி எழுதவில்லை மனுஷன். அச்சுத் தலைப்பிலேயே பியானோதான் முதலில் வருகிறது, செல்லோ அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் செல்லோவுக்குப் பெரும்பாலும் அடியில் சுருதி தாங்குகிற வேலை. அவருக்கு மூத்த இசைமேதைகள் மொசார்ட்டும் ஹைடனும் இந்த ஜோடிக்கு ஒரு சொனாட்டாகூட முழுதாக எழுதி வைக்கவில்லை. நம் சினிமாப் பாட்டிலும் செல்லோ பாதி நேரம் வயலின் கூட்டத்துக்கு அடியில் முனகிக்கொண்டுதானே கிடக்கிறது!

புதிதாகக் கேட்பவர்கள் மூன்றாவது சொனாட்டாவில் ஆரம்பியுங்கள். 1808இல் எழுதியது. செல்லோ மட்டும் தனியாக, கீழே இருந்து, அவசரமே இல்லாமல் தொடங்கும். பியானோ வாயே திறக்காது. அப்புறம் பியானோ மேலே இருந்து வந்து அந்த வரியை முடித்து, கடைசியில் நின்று ஒரு சின்ன ஓட்டம் ஓடும். அடுத்து, செல்லோ சொன்னதைப் பியானோ எடுத்துச் சொல்லும். நின்று ஓடுகிற வாய்ப்பு இந்தத் தடவை செல்லோவுக்கு. எனக்குத் தெரிந்த திருப்பரங்குன்றத்துத் தவில்காரர் ஒருவர் இந்த இடம் வரைக்கும் கேட்டுவிட்டு, "இதுல மெயின் யாருண்ணே?" என்றார். மேலே கேளும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் பகுதி அதீத எடுப்பில், தாளத்துக்கு முந்தி ஆரம்பித்ததும் அவர் கை தானாகத் தொடையில் விழுந்தது. மெயின் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

ஐந்தாவதில் ஒரு மெதுவான பகுதி இருக்கிறது. மற்ற நாலிலும் மெதுவான இடங்கள் சிறிசு, முன்னுரை மாதிரி வந்து போய்விடும். முழு நீளத்துக்கு நிற்பது இது ஒன்றுதான். ரோஸ்ட்ரோபோவிச் இங்கே வில்லை அழுத்துவதே இல்லை. பியானோ ஒவ்வொரு கட்டையாக வைத்துக்கொண்டே போகிறது. அதை ராத்திரி கேட்கலாம் என்றால் எங்கள் தெருமுனைக் கடையில் கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம் ஒரு மணி வரை நிற்காது. தூங்கா நகரத்தில் இருந்துகொண்டு அமைதிக்கு ஆசைப்பட்டால் எப்படி? அதைத் தொடர்ந்து வருகிற கடைசிப் பகுதியில் ஒரே வரியை ஒன்று மாற்றி ஒன்று துரத்தும். எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. கணக்குப் போடுவது போல இருக்கிறது.

குறை என்றால், முதல் சொனாட்டாவின் வேகமான இடங்களில் இருவரும் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிக்கொண்டு வாசிக்கிறார்கள். நாடா இரைச்சலும் மெலிதாக உண்டு. பிற்காலத்தில் ரோஸ்ட்ரோபோவிச் வைத்திருந்த பேர்போன 'டூபோர்' செல்லோ (ஸ்ட்ராடிவாரி என்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்தது) இதில் ஒலிக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது அவர் கைக்கு வந்தது 1974இல்தான். பீத்தோவனின் பெர்லின் சொனாட்டாக்கள் பிறந்தபோது பெர்லின் அரண்மனையில் இருந்த செல்லோக்காரர்கள் டூபோர் அண்ணன் தம்பி. அந்தச் செல்லோவுக்குப் பெயர் வந்ததும் அந்தக் குடும்பத்தால்தான்.

குழாய் ஸ்பீக்கரில் இதைப் போட்டுவிடாதீர்கள். செல்லோவின் அடித் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். குழாயில் அது காணாமலே போய்விடும், மூக்கால் பேசுகிற ஏதோ ஒன்றுதான் மிஞ்சும். பெட்டி ஸ்பீக்கர், தேயாத முள் இரண்டும் வேண்டும். தட்டின் நடுவட்டத்தை நெருங்க நெருங்க முள்ளுக்கு அடியில் காடி, அதாவது முள் போகிற பள்ளம், மெதுவாக ஓடும். தேய்ந்த முள் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் பியானோ கரகரக்கும். சித்திரை வெயிலில் தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும், நிற்க வையுங்கள். பிளேயர் இல்லாதவர்கள், 1964இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் இதே இருவர் ஐந்து சொனாட்டாக்களையும் வாசித்த கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது, அதைப் பார்க்கலாம். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே கேட்பது இன்னொரு ருசி.

சந்தையில் இந்தச் செட் கண்ணில் பட்டால் உறையைப் பார்த்து விலை பேசாதீர்கள். தட்டை வெளியே எடுத்து, மூன்றாவது சொனாட்டா இருக்கிற பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செல்லோ தனியாக ஆரம்பிக்கிற அந்த இடத்தில் கீறல் இருந்தால் 200க்கு மேல் தராதீர்கள்.