பாளையங்கோட்டையில காலேஜ் பிள்ளைகளுக்கு கோல்கீப்பிங் கோச்சிங் – நம்பி அனுப்பலாம்

காலேஜ் டீம்ல கோல்கீப்பரா நிக்கிற பொம்பளப்பிள்ள உங்க வீட்டுல இருந்தா, பாளையங்கோட்டையில இந்த மேடம் நடத்துற காலை பேட்ச்ல யோசிக்காம சேத்து விடுங்க. எம்பொண்ணு ஒரு சீசன் முழுக்க போயிட்டு வந்தா, அதப் பாத்துட்டுதான் எழுதுதேன்.

நம்ம பக்கம் ஃபுட்பால் கோச் இருக்காங்க, ஆனா கோல்கீப்பருக்குன்னு தனி கோச், அதுவும் பொம்பள கோச் கிடைக்கது ரொம்ப கஷ்டம். முன்ன அவ போன இடத்துல மத்த பிள்ளைய எல்லாம் பாஸ் பழகும், இவ ஓரமா நின்னு வெளிய போற பந்த எடுத்துப் போடுவா, கடைசி கால் மணி நேரம் எல்லாரும் வரிசையா நின்னு அவளப் பாத்து ஷாட் அடிப்பாங்க, அவ்வளவுதான். இந்த மேடமும் காலேஜ்ல படிக்கும்போது கீப்பரா இருந்தவங்கதான், அப்ப அவங்களுக்கும் சொல்லிக்குடுக்க ஆளு இல்ல. பி.பி.எட்ங்கிற உடற்கல்வி டிகிரி படிச்சு, இந்திய ஃபுட்பால் சங்கம் (ஏ.ஐ.எஃப்.எஃப்) கோச்சுகளுக்குக் குடுக்க டி லைசென்ஸ் எடுத்து, அப்புறம் கோல்கீப்பிங் கோர்ஸும் முடிச்சு இப்ப காலேஜ் டீமுக்கே கோச்சா இருக்காங்க.

மொத வாரம் டைவ் கிடையாது. ரெண்டு போஸ்ட்லயும் கயித்தக் கட்டி, ரெண்டு நுனியையும் பந்து இருக்க எடத்துக்கு இழுத்து அங்கன சேத்து முடிஞ்சாங்க, பந்து கோலுக்குள்ள போறதா இருந்தா அந்த ரெண்டு கயித்துக்கு நடுவுலதான் போகணும். எம்பொண்ணு கோல் லைன்ல நின்னா ரெண்டு பக்கமும் அம்புட்டு இடம் காலியா கிடக்கு. "ரெண்டு எட்டு முன்ன வாட்டி"ன்னாங்க, வந்தா, "இன்னும் வா தாயி"ன்னாங்க, ஒரு எடத்துல கைய விரிச்சா ரெண்டு கயிறும் விரல்ல தட்டுது. இன்னும் முன்ன போனதும் மேடம் பந்த அலுங்காம தலைக்கு மேல தூக்கிப் போட்டுட்டாங்க. எங்க நிக்கணும், எங்க நிக்கக்கூடாதுன்னு அன்னைக்கே அவளுக்கு வெளங்கிட்டு. கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம், ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே அளவுதான், எம்பொண்ணு அஞ்சேகால் அடி, அதனால அவளுக்கு குதிக்கதவிட நிக்கிற எடந்தான் முக்கியம்னு மேடம் திரும்பத் திரும்ப சொல்லுதாங்க.

டைவ் ஆரம்பிச்சதும் முட்டி போட்டு விழணும், அப்புறம் குத்த வச்சு, அதுக்கப்புறந்தான் நின்னுக்கிட்டு. கிரவுண்டு புல்லு இல்லாத செம்மண்ணு, முழங்கைய ஊனி விழுந்தா தோலு போயிரும், அதனால தொடை, இடுப்பு, தோளுன்னு வரிசையா தரையில படணும். வார்ம் அப்புக்கு ஃபிஃபா 11+ தான், அதாவது அடிபடாம இருக்கதுக்குன்னு ஃபிஃபா வகுத்த பயிற்சி, இருபது நிமிஷம், ஒரு நாளும் விடமாட்டாங்க. முட்டிக்குள்ள எலும்பச் சேத்துப் பிடிக்கிற ஏ.சி.எல்ங்கிற நாரு கிழியிறது பையன்களவிட பொம்பளப்பிள்ளைகளுக்கு ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தி, அதனால குதிச்சு எறங்கும்போது முட்டி உள்ள சாயுதான்னு ஒவ்வொருத்தியையும் எதுக்க நின்னு பாக்காங்க. தாயா எனக்கு இது ஒண்ணே போதும்.

ரூல் மாறினாலும் உடனே சொல்லிக் குடுக்காங்க. கீப்பர் பந்த கையில 8 செகண்டுக்கு மேல வச்சிருந்தா எதிர் டீமுக்கு கார்னர் கிக்னு 2025ல மாத்துனாங்கல்லா, அதுக்கு மேடமே கைய உசத்தி கடைசி அஞ்சு செகண்ட எண்ணுவாங்க, ரெஃப்ரி எண்ணுத மாதிரியே. அந்த வருஷம் ஜூலைல தாய்லாந்த அவங்க ஊர்லயே 2-1னு ஜெயிச்சு நம்ம இந்தியப் பொண்ணுங்க டீம் ஆசிய கோப்பைக்குப் போன மேட்ச்ச போன்ல போட்டுக் காமிச்சு, கோல் போட்டவங்கள விட்டுட்டு கீப்பர் பந்தோய் சானு எங்க நிக்காங்கன்னு மட்டும் பாக்கச் சொன்னாங்களாம். எம்பொண்ணு இப்ப டிவில மேட்ச் பாத்தாலும் கீப்பரத்தான் பாக்கா.

குறையும் இருக்கு. பிள்ளைய டிரஸ் மாத்த ஒரு ரூம் கிடையாது, பாத்ரூம் பூட்டியே கிடக்கு, கேட்டா சாவி ஒருத்தர்ட்ட இருக்குங்காங்க, அவரு எட்டு மணிக்கு மேலதான் வாராரு. பேட்ச் ஆறு மணிக்கு ஆரம்பம், அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து வார பிள்ளைய என்ன பண்ணும்? இது மேடம் தப்பு இல்ல, கிரவுண்ட வச்சிருக்கவங்க பாக்கணும். இன்னொண்ணு, இவ்வளவு தெரிஞ்ச ஆளுக்கு இன்னும் தற்காலிக வேலதான், லீவு மாசத்துக்குச் சம்பளம் கிடையாது. அவங்க வேற ஊருக்குப் போயிட்டா இந்தப் பிள்ளைகளுக்கு ஆளு இல்ல, காலேஜ்காரங்க நிரந்தரமாக்கணும்.

சேக்கதா இருந்தா ஜூன்ல காலேஜ் தொறந்ததும் சேத்துருங்க, ஐப்பசி கார்த்திகை மழையில கிரவுண்டு சகதியாயி நிறைய கிளாஸ் போயிரும். கிளவுஸ் ரெண்டு ஜோடி வாங்குங்க, மேட்ச்சுக்குத் தனியா, பிராக்டிஸுக்குத் தனியா, செம்மண் தூசில கிளவுஸ்ல இருக்க லேட்டக்ஸ் ரப்பர் சீக்கிரம் தேஞ்சிரும். போடுறதுக்கு முன்ன லேசா தண்ணி நனைக்கணும், கழுவினா நெழல்ல காயப் போடணும், நம்ம ஊரு வெயில்ல போட்டா வெடிச்சிரும்.