எம்ஜிபி காருக்கு ஏசி: பெல்ட் கம்ப்ரசரா, மின் கம்ப்ரசரா?

எம்ஜிபி ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஏசி போட்டால், ஏசி வாயுவை அழுத்தும் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டாலோ மின் மோட்டாராலோ சுற்றலாம். பெல்ட் கம்ப்ரசர் என்றால் எஞ்சினில் கூடுதல் புல்லியும் உறுதியான பிராக்கெட்டும் வேண்டும். 1798 சிசி எஞ்சினின் சக்தியில் கொஞ்சம் போகும். மேடு ஏறும்போது தெரியும். ஆனால் நன்றாகக் குளிரும்.

மின் கம்ப்ரசரைக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைக்கலாம். எஞ்சின் அறையின் பழைய அழகு கெடாது. அதற்காகவே பலர் ஆசைப்படுகிறார்கள். சிக்கல் மின்சாரத்தில். 12 வோல்ட்டில் ஒரு கிலோவாட் இழுத்தாலே 80 ஆம்பியரைத் தாண்டும். 1962இல் வந்த எம்ஜிபியில் மின்சாரம் தரும் டைனமோ அதில் பாதியைக்கூடத் தராது. டைனமோவுக்குப் பதில் கூடுதல் மின்சாரம் தரும் பெரிய ஆல்டர்னேட்டர், தடித்த வயர்கள் எல்லாம் போட வேண்டும். அந்த ஆல்டர்னேட்டரைச் சுற்றுவதும் அதே எஞ்சின்தானே!

தினமும் ஓட்டும் காருக்கு என் தேர்வு பெல்ட்தான். எதுவானாலும் ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரும்; அந்தச் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகும். அதனால் முதலில் ரேடியேட்டரையும் விசிறியையும் சரிசெய்யுங்கள்.