கிளினிக்கா, சனலிங்கா?

திருகோணமலையில் பிள்ளை தங்கியதும் வீட்டில் எழும் கேள்வி இது. சனலிங் என்றால் தனியாரில் காசு கட்டி, நம்பர் எடுத்து நிபுணரிடம் காட்டுவது.

அரசாங்கக் கிளினிக்கில் காசில்லை. எட்டு வாரத்துக்குள் பகுதி மருத்துவமாதுவிடம் பதிந்தால் கர்ப்பிணிப் பதிவேடு கைக்கு வரும். நிறை, பிரஷர், இரத்தச் சோதனை எல்லாம் அதில் ஏறும். நடுச்சாமத்தில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாலும் வார்டில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். காத்திருப்புத்தான் நீளம்.

தனியாரில் மகப்பேற்று நிபுணரைச் சனல் பண்ணினால் ஒவ்வொரு தடவையும் கட்டணம். ஆனால் ஒரே நிபுணரிடம் போகலாம், கூச்சமான கேள்வியையும் ஆறுதலாகக் கேட்கலாம். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்பவரே பின்னேரம் அங்கே இருப்பதும் வழமை.

என் கருத்து, சனல் பண்ணினாலும் மருத்துவமாதுவை விடாதீர்கள், வீடு தேடி வருபவர் அவர்தான். இரத்தப்போக்கு, கடும் தலையிடி, பிள்ளைத் துடிப்புக் குறைவு என்றால் நம்பருக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் இதே நிபுணர்தான்: மாதவிடாய்க் கோளாறு, கருப்பைக் கட்டி, குழந்தையின்மை. 35 வயதானால் அரசாங்கத்தின் சுகவனிதையர் (Well Woman) கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். அதற்குச் சனலிங் தேவையே இல்லை.